மேசையளவு அணு இணைவு: மின்சாரம் வராது, நியூட்ரான் வரும்

ஓர் எஃகு மேசை. அதன் மேல் நெருக்கமாகத் திருகி வைத்த கண்ணாடிகள், லென்சுகள், படிகங்கள். மேசையின் ஒரு கோடியில் காற்றை முழுவதும் உறிஞ்சி எடுத்துவிட்ட உலோகக் கலம். கலத்துக்குள் நீளும் ஒரு நுண்ணிய குழல்வாய் சட்டென்று திறந்து மூடுகிறது. மைனஸ் 170 டிகிரி செல்சியஸ் அளவுக்குக் குளிர்வித்த டியூட்டிரியம் என்ற கன ஹைட்ரஜன் வாயு உள்ளே சீறிப் பாய்கிறது. அதே கணத்தில் லேசர் துடிப்பு ஒன்று வாயுத் தாரையின் நடுவே வந்து குவிகிறது. ஒரு பொறி தெறித்து அணைகிறது.

வெளியே நிற்கும் உணர்கருவிகளில் முதலில் எக்ஸ் கதிரின் குறி விழுகிறது. சற்றுப் பிந்தி இன்னொரு குறி. ஒரு மீட்டர் தொலைவைக் கடக்க ஏறத்தாழ 46 நானோ வினாடி எடுத்துக்கொள்ளும் துகள் அது. அந்த வேகத்தை வைத்தே துகள் எது என்று சொல்லிவிடலாம்: 2.45 மெகா எலக்ட்ரான் வோல்ட் ஆற்றல் கொண்ட நியூட்ரான். இரண்டு டியூட்டிரிய அணுக்கருக்கள் இணைந்துவிட்டன என்பதற்கு அதுவே சாட்சி.

அமெரிக்காவின் லாரன்ஸ் லிவர்மோர் தேசிய ஆய்வுக்கூடத்தில் டாட் டிட்மயர் குழுவினர் செய்து, 1999-ல் ‘நேச்சர்’ இதழில் வெளியிட்ட சோதனை இது. அவர்கள் பயன்படுத்திய லேசர் துடிப்பின் ஆற்றல் 0.12 ஜூல். 100 கிராம் எடையைத் தரையிலிருந்து 12 சென்டிமீட்டர் தூக்க ஆகும் ஆற்றல், அவ்வளவுதான். ஆனால் அது முழுவதும் 35 ஃபெம்டோ வினாடிக்குள் வந்து இறங்குகிறது. அந்த நேரத்துக்குள் ஒளியே ஒரு மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்கு தூரம்தான் நகர முடியும். அதனால் துடிப்பின் திறன் மூன்று டெராவாட்டைத் தாண்டிவிடுகிறது. இந்தியாவில் உள்ள எல்லா மின்நிலையங்களின் நிறுவுதிறனையும் கூட்டினால்கூடச் சுமார் அரை டெராவாட்தான் வரும்.

வாயுவுக்குள் நடப்பது இன்னும் நுட்பமானது. குளிர்ந்த வாயு வெற்றிடத்துக்குள் விரியும்போது மேலும் குளிர்ந்து, ஆயிரக்கணக்கான மூலக்கூறுகள் ஒட்டிய சிறு கொத்துகளாகத் திரள்கிறது. ஒவ்வொரு கொத்தும் சில நானோமீட்டர் அகலம். லேசர் ஒளி அந்தக் கொத்திலிருந்து எலக்ட்ரான்களை உரித்தெடுத்துவிடுகிறது. மிஞ்சுவது எல்லாம் நேர்மின் கருக்கள். ஒன்றையொன்று தள்ளும் அந்தக் கருக்கள் நாலாபுறமும் வெடித்துச் சிதறுகின்றன. இதைக் கூலும் வெடிப்பு என்பார்கள். பக்கத்துக் கொத்திலிருந்து அதேபோல் சிதறிவரும் கருக்களோடு மோதும்போது மிகச் சில இணைகின்றன. ஒரு துடிப்புக்குச் சுமார் 10,000 நியூட்ரான் வெளிவந்தது. லேசர் வினாடிக்கு 10 முறை துடித்தது.

அறைக்குள் அடங்கும் கருவியில் அணு இணைவு நிகழ்ந்துவிட்டது. அப்படியானால் வீட்டுக்கு மின்சாரம் எப்போது?

மின்கட்டணச் சீட்டோடு ஒரு கணக்கு

இந்தக் கேள்வி 2022 டிசம்பருக்குப் பிறகு உலகெங்கும் பலமாகக் கேட்கிறது. அந்த மாதம் 5-ம் தேதி, அதே லிவர்மோரில் உள்ள தேசியப் பற்றவைப்பு நிலையத்தில் 192 லேசர் கற்றைகள் ஒரு சிறு எரிபொருள் உருண்டையை நோக்கிப் பாய்ந்தன. உள்ளே போனது 2.05 மெகா ஜூல். இணைவில் வெளிவந்தது 3.15 மெகா ஜூல். கொடுத்த லேசர் ஆற்றலைவிட அதிகம் திரும்பி வந்தது வரலாற்றில் அதுவே முதல் முறை. 2025 ஏப்ரலில் அதே நிலையம் 8.6 மெகா ஜூலை எட்டியது.

இந்த எண்ணைப் பெங்களூரு ஸ்ரீராம்புரத்தில் ஒரு வீட்டின் மின்கட்டணச் சீட்டுக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் அதன் அளவு புரியும். தமிழ்க் குடும்பங்கள் தலைமுறைகளாக வாழும் அந்தப் பகுதியில், மாநில அரசின் கிருஹ ஜோதி திட்டத்தில் மாதம் 200 யூனிட் வரை இலவச மின்சாரம் கிடைக்கிறது. 8.6 மெகா ஜூல் என்பது சுமார் 2.4 யூனிட். உலகின் மிகப் பெரிய லேசர், மனித குலத்தின் சாதனைத் துடிப்பில் தந்தது அவ்வளவு. அதுவும் வெப்பமாகவும் வேகமாகப் பறக்கும் நியூட்ரானாகவும் வந்ததே தவிர மின்சாரமாக வரவில்லை. அந்த லேசரை ஒருமுறை இயக்கச் சுவரிலிருந்து இழுக்கும் மின்சாரம் சுமார் 300 மெகா ஜூல், அதாவது 80 யூனிட்டுக்கு மேல்.

பெரிய நிலையத்தின் கதை இது என்றால், மேசையின் கணக்கு வேறு உலகம். டிட்மயர் சோதனையின் 10,000 நியூட்ரானுக்குப் பின்னால் சுமார் 20,000 இணைவுகள் உண்டு. டியூட்டிரியம் இணையும்போது ஏறக்குறைய பாதி முறைதான் நியூட்ரான் வரும், மீதி முறை புரோட்டான் வரும். ஓர் இணைவுக்குச் சராசரி 3.65 மெகா எலக்ட்ரான் வோல்ட் என்று கொண்டால், ஒரு துடிப்பில் விளைந்தது சுமார் 12 நானோ ஜூல். போட்டது ஒரு கோடி பங்கென்றால் எடுத்தது ஒரு பங்கு. ஒரே ஒரு 9 வாட் எல்இடி பல்பை எரிக்க இப்படிப்பட்ட மேசைகள் ஏழரைக் கோடி வேண்டும், ஒரு துளிகூட வீணாகாமல் மின்சாரமாக மாற்ற முடிந்தால்.

மேசையைப் பெரிதாக்கினால் கணக்கு சரியாகிவிடாதா என்று கேட்கலாம். ஆகாது. இணைவு தானாகப் பற்றிப் பரவ வேண்டுமானால், ஓர் இணைவில் பிறக்கும் ஹீலியம் கரு எரிபொருளை விட்டு ஓடிவிடாமல் அதற்குள்ளேயே மோதி நின்று அதைச் சூடாக்க வேண்டும். அதற்கு எரிபொருள் போதுமான அடர்த்தியோடு போதுமான தடிமனும் கொண்டிருக்க வேண்டும். வாயுக் கொத்துகளோ வெடித்த மறுகணமே பறந்து கலைந்துவிடுகின்றன. ஒன்றை ஒன்று சூடாக்கப் பொழுதே கிடைப்பதில்லை. லிவர்மோர் உருண்டை ஈயத்தைவிடப் பல மடங்கு அடர்த்திக்கு நசுக்கப்படுவதும், அதற்காக மூன்று கால்பந்து மைதான அளவுக் கட்டடமும் சுமார் 350 கோடி டாலரும் தேவைப்பட்டதும் இதனால்தான்.

பெட்டிச் செய்தி: எண்கள் பேசட்டும்

▪ ஃபெம்டோ வினாடி: ஒரு வினாடியை நூறு கோடியால் வகுத்து, வந்த விடையை மேலும் பத்து லட்சத்தால் வகுத்தால் கிடைப்பது.
▪ டியூட்டிரியமும் அதைவிடக் கனமான ஹைட்ரஜன் வகையான டிரிட்டியமும் இணைந்தால் 17.6 மெகா எலக்ட்ரான் வோல்ட். அதில் 14.1 நியூட்ரானோடு போய்விடும்.
▪ ஒரு கன மீட்டர் கடல்நீரில் சுமார் 33 கிராம் டியூட்டிரியம் இருக்கிறது.
▪ டிரிட்டியத்தின் அரை ஆயுள் 12.3 ஆண்டு. ஆகவே இயற்கையில் சேர்ந்து கிடப்பதில்லை. உண்டாக்கித்தான் ஆக வேண்டும்.
▪ லிவர்மோரில் 1977-ல் முடிந்த 20 கற்றை லேசருக்குப் பல கைகள் கொண்ட சிவபெருமானின் பெயர் சூட்டப்பட்டது.

லேசருக்கு இந்த வலிமை வந்த வழி

1960-ல் தியோடர் மைமன் முதல் ரூபி லேசரை ஒளிரச் செய்தார். மூன்றே ஆண்டில், இதைக் கொண்டு அணு இணைவை உண்டாக்கலாம் என்று சோவியத் விஞ்ஞானிகள் நிக்கோலாய் பாசவும் ஒலெக் குரோகினும் சொன்னார்கள். 1968-ல் பாசவ் குழு லேசர் பட்ட இலக்கிலிருந்து நியூட்ரான் வருவதையும் கண்டது. 1972-ல் ஜான் நக்கோல்சும் கூட்டாளிகளும் எழுதிய கட்டுரை, எரிபொருளை நசுக்கும் வழியைப் பொதுவெளியில் வைத்தது. ஒரு கிலோ ஜூல் அளவு லேசரே பற்றவைக்கப் போதும் என்று அன்று மதிப்பிட்டார்கள். உண்மையில் அதைப் போல இரண்டாயிரம் மடங்கு ஆயிற்று.

மேசையளவுக் கருவிக்குக் கதவைத் திறந்தது வேறொரு கண்டுபிடிப்பு. வலிமையான குறுந்துடிப்பை அப்படியே பெருக்கினால் பெருக்கும் படிகமே பொசுங்கிவிடும். 1985-ல் அமெரிக்காவின் ராசெஸ்டர் பல்கலைக்கழகத்தில் ஜெரார் மூரூவும் அவருடைய மாணவி டானா ஸ்டிரிக்லண்டும் இதைச் சுற்றிப் போனார்கள்: துடிப்பை முதலில் நேரத்தில் நீட்டி வலுக்குறைத்து, அந்த நிலையில் பெருக்கி, கடைசியில் மறுபடி சுருக்குவது. இன்று உலகில் உள்ள குறுந்துடிப்பு டெராவாட், பெட்டாவாட் (ஆயிரம் டெராவாட்) லேசர்களில் பெரும்பாலானவை இந்த வழியில்தான் இயங்குகின்றன. இருவருக்கும் 2018-ல் நோபல் பரிசு கிடைத்தது.

நானோ கம்பியும் பாக்டீரியாவும்

வாயுக் கொத்துக்குப் பிறகு இந்தத் துறையில் நடந்த பெரிய பாய்ச்சல் 2018-ல் வந்தது. கொலராடோ மாநிலப் பல்கலைக்கழகத்தில் ஹோர்ஹே ரோக்கா குழுவினர், டியூட்டிரியம் ஏற்றிய பாலிஎத்திலீனை மெல்லிய கம்பிகளாக வளர்த்து, நாற்றங்காலில் நெருங்கி நிற்கும் நாற்றுகளைப் போல வரிசையாக நிறுத்தினார்கள். தட்டையான பரப்பில் லேசர் பட்டால் மேற்பரப்பு கணத்தில் எலக்ட்ரான்கள் பிரிந்த பிளாஸ்மாவாகி ஒளியைத் திருப்பி அடித்துவிடும். கம்பிகளுக்கு இடையே இடைவெளி இருந்தால் ஒளி அதற்குள் ஆழமாக இறங்கும். முழு அடர்த்தியுள்ள திடப்பொருள் சில மைக்ரான் ஆழம்வரை கொதிக்கும். சில ஜூலுக்கு மேற்படாத லேசரில் ஒரு ஜூலுக்குச் சுமார் 20 லட்சம் நியூட்ரான் கிடைத்தது. அதே பொருளின் தட்டையான பரப்போடு ஒப்பிட்டால் 500 மடங்கு.

ஆற்றல் கணக்கில் இதுவும் பத்து லட்சத்தில் சில பங்குதான். ஆனாலும் 1999-ஐவிட இருபது மடங்குக்கு மேல் முன்னேற்றம். லேசரின் வலிமையை ஏற்றுவதைவிட, அது விழும் பரப்பை எப்படிச் செதுக்குவது என்பதில்தான் இனி விஷயம் இருக்கிறது என்று இந்தச் சோதனை காட்டியது.

இதே எண்ணத்தில் மும்பை டாடா அடிப்படை ஆய்வு நிறுவனம் (டிஐஎஃப்ஆர்) முன்னதாகவே உழைத்துக்கொண்டிருந்தது என்பதைத் தமிழ் வாசகர்கள் அறிய வேண்டும். 2012-ல் எம். கிருஷ்ணமூர்த்தி குழுவினர் கண்ணாடிப் பரப்பில் ஈ.கோலை பாக்டீரியாவைப் பூசி அதன் மேல் லேசரைப் பாய்ச்சினார்கள். மைக்ரான் அளவுள்ள அந்த உயிரணுக்கள் ஒளியை உள்வாங்கிக் கொண்டன. வெளிவந்த எக்ஸ் கதிர் பல மடங்கு பெருகியது. விலையுயர்ந்த நானோ தொழிற்சாலை செய்யும் வேலையை ஒரு சாதாரண நுண்ணுயிர்க் குப்பியால் செய்து காட்டிய அந்தச் சோதனை, வசதி குறைந்த நாட்டின் ஆய்வுக்கூடங்களுக்குப் பெரிய தைரியம். 2013-ல் அதே குழு ஆர்கன் வாயுக் கொத்துகளை லேசரால் வெடிக்கச் செய்து, மின்னூட்டமில்லாத அணுக்களையே மெகா எலக்ட்ரான் வோல்ட் ஆற்றலுக்கு முடுக்கியது.

அங்கேயே ஜி. ரவீந்திர குமாரின் ஆய்வுக்கூடம் வேறொரு முனையிலிருந்து வந்தது. வலிமையான லேசர் ஒரு திடப்பொருளில் படும்போது உள்ளே பாயும் எலக்ட்ரான் ஓட்டம் மெகா ஆம்பியர் கணக்கில் இருக்கும். அது சீராகப் போகாமல் கலைந்து சிதறும். முதலில் எரிபொருளை நசுக்கி, பிறகு தனியாக ஒரு குறுந்துடிப்பால் கொளுத்தலாம் என்ற ‘விரைவுப் பற்றவைப்பு’ யோசனை இந்தச் சிதறலில்தான் தடுக்கி நிற்கிறது. வரிசையாக நிறுத்திய கார்பன் நானோ குழாய்கள் அந்த ஓட்டத்தை ஒரு மில்லிமீட்டர் அளவு தூரம் கலையாமல் கொண்டுசெல்லும் என்று இந்தக் குழு 2012-ல் காட்டியது. அதே ஆண்டில், இத்தகைய பிளாஸ்மாவுக்குள் காந்தப்புலம் கொந்தளிப்பதற்கு நேரடிச் சான்றையும் வெளியிட்டது. இந்தப் பணிகளுக்காக 2015-ன் இன்ஃபோசிஸ் பரிசு ரவீந்திர குமாருக்குக் கிடைத்தது. பரிசை வழங்கும் அறக்கட்டளை இருப்பது பெங்களூருவில்.

பெங்களூரு என்னும் வேர்

மும்பையில் நடக்கும் ஆய்வைப் பற்றிப் பெங்களூருத் தமிழருக்கு ஏன் சொல்ல வேண்டும்? ஸ்ரீராம்புரம் மெட்ரோ நிலையத்தில் பச்சை வழித்தட ரயிலேறினால் ராஜாஜிநகர், மகாலட்சுமி, சாண்டல் சோப் ஃபேக்டரி தாண்டி ஐந்தாவது நிறுத்தம் யஷ்வந்த்பூர். அருகே விரிந்து கிடக்கும் இந்திய அறிவியல் நிறுவன வளாகத்தில்தான் 1945 ஜூனில் டாடா அடிப்படை ஆய்வு நிறுவனம் பிறந்தது. அதை நிறுவிய இயற்பியலாளர் ஹோமி பாபா அங்கே அண்டக்கதிர் ஆய்வு நடத்திக்கொண்டிருந்தார். அதே ஆண்டு நிறுவனம் மும்பைக்குக் குடிபெயர்ந்தது. பத்தாண்டு கழித்து, 1955 ஆகஸ்டில், ஜெனீவாவில் நடந்த அணுசக்தி மாநாட்டின் தலைமையுரையில், இருபதாண்டுக்குள் அணு இணைவைக் கட்டுக்குள் கொண்டுவரும் வழி பிறக்கும் என்று பாபா முன்னுரைத்தார். அந்த இருபதாண்டு 1975-ல் முடிந்தது. தேதி தவறியது உண்மை. ஆனால் வல்லரசுகள் இணைவு ஆய்வை ரகசியமாகப் பூட்டி வைத்திருந்த காலத்தில், அதை உலக மேடையில் பேசுபொருளாக்கியது அந்த உரை.

நாட்டின் இன்னொரு முக்கிய லேசர் கூடமான இந்தூர் ராஜா ராமண்ணா மேம்பட்ட தொழில்நுட்ப மையமும் கர்நாடகத்துக்காரரான அணு இயற்பியலாளர் ஒருவரின் பெயரைத் தாங்கி நிற்கிறது. திப்தூரில் பிறந்து, பெங்களூருவில் பள்ளிப்படிப்பும் சென்னைக் கிறித்தவக் கல்லூரியில் பட்டப்படிப்பும் முடித்தவர் ராமண்ணா. 1984-ல் தொடங்கிய மையத்துக்கு 2005-ல் அவர் பெயர் வைக்கப்பட்டது. அங்கே 150 டெராவாட் லேசரும், அதன்பின் ஒரு பெட்டாவாட் லேசரும் வந்திருக்கின்றன. திருச்சியில் பிறந்த சி.வி. ராமன் 1948-ல் நிறுவிய ராமன் ஆய்வு நிறுவனம் ஸ்ரீராம்புரத்திலிருந்து சில கிலோமீட்டர் தொலைவில் சதாசிவநகரில் இருக்கிறது. ஃபெம்டோ வினாடி லேசர் உண்டாக்கும் பிளாஸ்மாவை ஆராயும் கூடம் அங்கும் உண்டு. அதன் நோக்கம் இணைவு கிடையாது என்றாலும் கருவியும் கைத்திறனும் அதே குடும்பத்தைச் சேர்ந்தவை.

அந்த நியூட்ரானை வைத்து என்ன செய்வது?

மின்சாரம் கிடைக்காது என்றானபின் மேசை இணைவின் பயன் அது உமிழும் நியூட்ரானில் இருக்கிறது. எக்ஸ் கதிர் உலோகத்தில் தடுக்கி நிற்கும். பிளாஸ்டிக், எண்ணெய், வெடிமருந்து போன்ற ஹைட்ரஜன் நிறைந்த பொருள்களை எளிதில் கடந்துவிடும். நியூட்ரான் இதற்கு நேர்மாறு. இரும்புக் கூட்டுக்குள் அடைத்த வெடிமருந்து சீராக நிரம்பியிருக்கிறதா என்று கூட்டைத் திறக்காமல் பார்க்க நியூட்ரான் படம்தான் வழி.

தமிழ்நாட்டில் இது புதிய விஷயம் இல்லை. கல்பாக்கத்தில் 1996-ல் இயங்கத் தொடங்கிய ‘காமினி’ என்ற 30 கிலோவாட் சிற்றுலை யுரேனியம்-233-ல் ஓடுகிறது. இஸ்ரோவின் ராக்கெட்டுகளில் பாகங்களைப் பிரிக்க உதவும் சிறு வெடிக் கருவிகள் நியூட்ரான் படச் சோதனைக்காக அங்கே போய்வந்திருக்கின்றன. விமானமும் செயற்கைக்கோளும் செய்யும் பெங்களூரு போன்ற நகரத்துக்குள்ளேயே, அணு உலை இல்லாமல், பொத்தானை அழுத்தினால் வந்து அணைத்தால் நின்றுவிடும் நியூட்ரான் மூலம் ஒன்று இருந்தால் என்ன நடக்கும்? தொழிற்கூடங்கள் வரிசையில் நிற்கும்.

இங்கேயும் மிகைப்படுத்தக் கூடாது. எண்ணெய்க் கிணறுகளில் இறக்கும் சாதாரண நியூட்ரான் குழாய்கள் வினாடிக்குப் பத்துக் கோடிக்கும் மேல் நியூட்ரான் தருகின்றன. கையில் தூக்கிச் செல்லக்கூடிய கருவிகள் அவை. இன்றைய நிலையில் வெறும் எண்ணிக்கைப் போட்டியில் லேசர் மேசை தோற்கும்.

ஆனால் குழாய் தர முடியாத ஒன்றை லேசர் தருகிறது. நியூட்ரான்கள் அத்தனையும் ஒரு புள்ளியிலிருந்து, ஒரு நானோ வினாடிக்கும் குறைந்த நேரத்துக்குள் கிளம்புகின்றன. புள்ளி மூலம் என்றால் படத்தில் தெளிவு கூடும். பிறந்த கணம் துல்லியமாகத் தெரிந்தால் ஒவ்வொரு நியூட்ரானின் ஆற்றலையும் பயண நேரத்தைக் கொண்டே அளந்துவிடலாம். எதிர்கால இணைவு உலையின் சுவர்கள் நாளெல்லாம் நியூட்ரான் அடி வாங்கப் போகின்றன. உலோகத்துக்குள் ஓர் அணு தன் இடத்திலிருந்து தூக்கி எறியப்படும் அந்த முதல் கணத்தைப் படிக்க வேண்டுமானால், அடியும் கணப்பொழுதில் விழ வேண்டும். பெரிய உலைக்கு எந்த உலோகம் தாங்கும் என்ற விடை இப்படிப்பட்ட சிறிய மேசைகளிலிருந்து வரக்கூடும். இந்தத் துறையை ஆதரிக்க இந்த ஒரு காரணமே போதும்.

பெட்டிச் செய்தி: இது ‘குளிர் இணைவு’ அல்ல

1989 மார்ச் 23-ல் அமெரிக்காவின் யூட்டா பல்கலைக்கழகத்தில் மார்ட்டின் ஃபிளெய்ஷ்மனும் ஸ்டான்லி பான்சும், கன நீர் நிரப்பிய கண்ணாடிக் கலத்தில் மின்சாரம் செலுத்தி அறை வெப்பத்திலேயே இணைவு கண்டதாக அறிவித்தார்கள். பாபா அணு ஆராய்ச்சி மையத்தில் அப்போது இயக்குநராக இருந்த பி.கே. அய்யங்காரின் ஊக்கத்தில் பல குழுக்கள் சோதித்து, நியூட்ரானும் டிரிட்டியமும் கண்டதாக எழுதின. உலகின் பெரும்பாலான ஆய்வுக்கூடங்களில் அது மீண்டும் கிடைக்கவில்லை. இயற்பியல் உலகம் ஏற்கவும் இல்லை. பெங்களூருவிலிருந்து வெளிவரும் ‘கரண்ட் சயின்ஸ்’ இதழ் 2015-ல் இந்தப் பொருளுக்கு ஒரு சிறப்புப் பகுதியை ஒதுக்கியது. லேசர் இணைவில் இந்தச் சர்ச்சைக்கே இடமில்லை. கருக்கள் மோதும் வேகம் அளந்தது, நியூட்ரானின் ஆற்றல் அளந்தது. வெவ்வேறு நாடுகளில் வெவ்வேறு குழுக்கள் செய்தாலும் கிடைக்கிறது.

எரிபொருளில் இந்தியா ஏழையில்லை

மேசை இணைவுக்கு வேண்டிய டியூட்டிரியம் கன நீரிலிருந்து வருகிறது. உலகில் கன நீரைப் பெருமளவில் தயாரிக்கும் நாடுகளில் இந்தியாவும் ஒன்று. வெளிநாடுகளுக்கு ஏற்றுமதியும் செய்கிறது. தூத்துக்குடியிலும் கன நீர் ஆலை நிறுவப்பட்டது. கைகா, கல்பாக்கம் போன்ற இடங்களில் ஓடும் கன நீர் உலைகளில் டிரிட்டியம் துணைப்பொருளாகச் சேர்கிறது. பல நாடுகள் தேடி விலைக்கு வாங்க வேண்டிய இரண்டு பொருள்களும் இங்கே கைக்கெட்டும் தூரத்தில் இருக்கின்றன. குறையாக இருப்பது லேசர்ப் படிகம், உயர்திறன் ஆடி, நானோ இலக்கு செய்யும் கூடம். இவற்றில் பெரும்பகுதி இறக்குமதி. ஓர் ஆடி பொசுங்கினால் மாற்று வரும்வரை ஆய்வு நிற்கும் நிலை மாறவேண்டும். நுண்ணொளியியல் தொழில்கள் நிறைந்த பெங்களூருவுக்கு இதில் நேரடி வேலை இருக்கிறது.

ஆயுதமும் பாதுகாப்பும்

லிவர்மோர் நிலையத்தின் முதன்மைப் பணி மின்சார ஆய்வு என்று எண்ணுவது தவறு. அணுகுண்டை வெடித்துப் பார்க்காமலே அதன் நிலையை அறியும் திட்டத்துக்காகவே அது கட்டப்பட்டது. குண்டு வெடிக்கும்போது எழுவதைப் போன்ற வெப்பமும் அழுத்தமும் அங்கே உண்டாகின்றன. மேசையளவு இணைவுக்கு இந்தத் திறன் கிடையாது. இதைக் கொண்டு யாரும் குண்டு செய்ய முடியாது. ஆனால் பத்தாயிரமும் இருபது லட்சமும் நியூட்ரான் வருவதில் பயப்பட ஏதுமில்லை என்று சொல்லிவிடவும் முடியாது. வினாடிக்குப் பல முறை துடிக்கும் கருவிக்குப் பக்கத்தில் நின்றால் கதிர்வீச்சு உடலில் சேரும். நியூட்ரானோடு கடுமையான எக்ஸ் கதிரும் வரும். அதனால் கலத்தைச் சுற்றிக் கான்கிரீட்டும் போரான் கலந்த பாலிஎத்திலீனும் சுவராக நிற்கும். இயக்குபவர்கள் வேறு அறையில் இருப்பார்கள். இந்தியாவில் இவற்றை அணுசக்தி ஒழுங்குமுறை வாரியம் மேற்பார்வையிடுகிறது. லேசரை அணைத்தால் நியூட்ரான் உற்பத்தி அக்கணமே நின்றுவிடும். பல்லாயிரம் ஆண்டு காக்கவேண்டிய கழிவும் இதில் பிறப்பதில்லை.

பணமும் படிப்பும்

2022-க்குப் பிறகு இணைவு ஆற்றலில் தனியார் முதலீடு பெருகியிருக்கிறது. அதில் நேர்மையான பொறியியலும் உண்டு, விளம்பரமும் உண்டு. வாசகர்கள் நினைவில் வைக்க ஒரே ஓர் அளவுகோல் போதும். ‘லேசருக்குப் போன ஆற்றலைவிட அதிகம் வந்தது’ என்று யாராவது சொன்னால், லேசரை இயக்கச் சுவரிலிருந்து எடுத்த மின்சாரம் எவ்வளவு என்று கேட்க வேண்டும். அந்த எண்ணைச் சொல்லாத நிறுவனத்தில் சேமிப்பைப் போடக் கூடாது. சில ஆண்டுகளில் வீட்டு மாடியில் இணைவு மின்சாரம் என்று வாக்குறுதி தரும் எவரையும் நம்ப வேண்டியதில்லை.

அரசு செய்யவேண்டியது வேறு. இந்தியா 2005-லேயே பிரான்சில் எழும் ஐடிஇஆர் என்ற பன்னாட்டு உலையில் சேர முடிவெடுத்தது. லேசருக்குப் பதில் காந்தப்புலத்தால் எரிபொருளை அடைத்துவைக்கும் இந்த வழியில் காந்திநகர் பிளாஸ்மா ஆய்வு நிறுவனம் ‘ஆதித்யா’ கருவியின் காலத்திலிருந்து உழைக்கிறது. அந்த வழிக்கு ஒதுக்கும் தொகையில் சிறு பங்கை லேசர் வழிக்கும் தரவேண்டும். இந்தூரிலும் மும்பையிலும் ஹைதராபாத்திலும் உள்ள லேசர்களில் பல்கலைக்கழக மாணவருக்கு முறையாக நேரம் ஒதுக்க வேண்டும். பெட்டாவாட் லேசர் வாங்குவதைவிட, அதை இரவு பகலாக ஓட்டத் தெரிந்த ஐம்பது இளைஞர்களை உருவாக்குவது கடினம். அந்த வேலையைச் சிறிய மேசைகள்தான் செய்யும். ஒரு மாணவர் தன் கையாலேயே ஆடியைத் திருகி, கற்றையைக் குவித்து, நியூட்ரானை எண்ணி, பிழையைத் தேடிக் கண்டுபிடிக்கும் பள்ளிக்கூடம் அது. லிவர்மோர் அளவுக் கட்டடத்தில் அந்த வாய்ப்பு கிடைப்பதில்லை.

ஸ்ரீராம்புரத்திலோ சுற்றுப் பகுதியிலோ அறிவியல் படிக்கும் பிள்ளைகள் இருக்கும் வீடுகளுக்குச் சில தகவல்கள். இந்திய அறிவியல் நிறுவனம் ஆண்டுக்கு ஒருநாள் தன் ஆய்வுக்கூடங்களைப் பொதுமக்களுக்குத் திறந்துவைக்கிறது, அனுமதி இலவசம். சௌடய்யா சாலையிலுள்ள ஜவாஹர்லால் நேரு கோளரங்கம் கல்லூரி மாணவர்களுக்காக நடத்தும் அறிவியல் வகுப்புகள், பாடப்புத்தகத்துக்கு வெளியே இயற்பியலைக் கற்க நல்ல இடம். டாடா அடிப்படை ஆய்வு நிறுவனம் கோடை விடுமுறையில் மாணவர்களை ஆய்வுக்கூடத்துக்கு அழைத்து, உதவித்தொகையோடு சில வாரங்கள் வேலை தருகிறது. அதன் முனைவர் பட்டச் சேர்க்கைக்கான நுழைவுத் தேர்வு நாடு முழுவதும் நடக்கிறது. விவரங்கள் அந்தந்த நிறுவனங்களின் இணையதளங்களில் ஆண்டுதோறும் வெளியாகின்றன.